பிணம் எதிர்நீச்சல் போடுமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் நடக்கும் என் காதல் மர்ம நாவலை, 'ஊரைக் காணோம்' என்று ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். பக்கத்துக்குப் பக்கம் தாமிரபரணி வருகிறது, பொதிகை மலை வருகிறது. இன்னும் என்ன வேண்டும்? சின்ன ஊர்க் கதை என்றால் உங்களுக்கு இளப்பமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தாமிரபரணி வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தீர்களா? கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் ராத்திரி தள்ளிவிட்ட பிணம், விடிந்ததும் பாபநாசத்தில் ஒதுங்குகிறது. ஆறு பாபநாசத்தில் மலையை விட்டு இறங்கி, அம்பை என்கிற உங்கள் அம்பாசமுத்திரம், கல்லிடை தாண்டிக் கிழக்கே போகிறது ஐயா. உங்கள் ஆள் செத்த பிறகு எதிர்நீச்சல் போட்டிருக்கிறார். நாவலிலேயே பெரிய மர்மம் அதுதான். அதைக் கடைசிவரை நீங்கள் அவிழ்க்கவில்லை.

குற்றாலமும் அப்படித்தான். சித்திரை மாதம் பேரருவியில் நனைந்துகொண்டே காதலைச் சொல்கிறார்கள். சித்திரையில் அங்கே பெரும்பாலும் பாறைதான் காய்ந்துகொண்டிருக்கும். ஆனி, ஆடிச் சாரல் வரை அந்தப் பெண்ணைக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஆச்சி வீட்டில் 'லிவிங் ரூம்' இருக்கிறது. தார்சா என்கிற முன்தாழ்வாரமும் பட்டாசல் என்கிற கூடமும் எங்கே போயின? சரி, இதெல்லாம் பென்சிலால் திருத்திவிடலாம். இதற்காக நான் திருப்பி அனுப்பவில்லை.

நாயகி வீட்டை விற்கச் சென்னையிலிருந்து வருகிறாள். ராத்திரி ரயிலில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறாள். பதினொரு நாள் கழித்துத்தான் எதிர் வீட்டுக்காரருக்கே தெரிகிறது. அம்பையிலா? பெட்டியின் சக்கரச் சத்தம் முதல் வீட்டைத் தாண்டுவதற்குள் ஒரு ஜன்னல் திறந்திருக்கும். "யம்மா, நீ யாரு மவ? எந்த வீட்டுக்கு வந்திருக்க?" என்று கேட்டிருப்பார்கள். பதிலைக் கேட்டு, "அப்போ பெரியவரு பேத்தியா?" என்று ஒருத்தி வாயெடுக்க, பக்கத்தில் நிற்பவள் அவள் கையைக் கிள்ளியிருப்பாள். அந்தக் கிள்ளலில் நாவல் தொடங்கியிருக்கும். நீங்கள் அதற்குப் பதிலாக அறுபது பக்கத்துக்கு மொட்டைக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

நான் வளர்ந்தது ஒரு வளவு வீட்டில். ஆறு குடித்தனம், ஒரு கிணறு. மூன்றாம் வீட்டு அக்காவுக்குக் கடிதம் வந்தால், அவள் பிரிப்பதற்கு முன்பே கிணற்றடியில் "யாரு போட்டிருக்கா?" என்று கேட்டுவிடுவார்கள். யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவள் அப்பாவுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரியாதவர் மாதிரி இருந்தார். இரண்டு வருஷம் அத்தனை பேரும் வாயைத் திறக்கவில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் கிணற்றடிப் பேச்சு அப்படியே நின்றுவிடும். சின்னப் பையனான எனக்கே அடிவயிறு கலங்கும். நம் ஊர்களில் ரகசியத்தை யாரும் ஒளித்துவைப்பதில்லை, எல்லோருமாகச் சேர்ந்து பேசாமல் இருப்பார்கள். என்றைக்கு, எந்தக் கல்யாணப் பந்தியில், எவர் வாய் தவறப் போகிறது என்பதுதான் பயம். உங்கள் கதையிலோ நாயகியும் சப்-இன்ஸ்பெக்டரும் படித்துறையில் தினம் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். துணி துவைக்க ஒரு பெண் வரவில்லை, குளிக்க ஒரு கிழவர் வரவில்லை. பார்க்க ஆளே இல்லாத இடத்தில் காதலுக்கு என்ன பயம்?

அப்புறம் அந்த வீடு. விற்க வந்தவள், வீடு யார் யார் பெயருக்கு எழுதப்பட்டிருக்கிறது என்று 312 பக்கத்தில் ஒரு தடவைகூட வில்லங்கம் போட்டுப் பார்க்கவில்லை! போட்டுப் பார்க்கட்டும். பழைய வருஷத்து வில்லங்கம் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் கிடைக்காது. சார்பதிவாளர் ஆபீசுக்கே போய் மனுக் கொடுக்க வேண்டும். அவள் கைக்கு நகல் வருமுன்பே, அவள் கேட்டிருக்கிறாள் என்கிற சேதி பத்திரம் எழுதுகிறவரிடமிருந்து டீக்கடைக்கு வந்துவிடும். தாத்தா 1968-இல் வீட்டில் பாதியை, குடும்பத்தில் யாரும் பெயர்கூடச் சொல்லாத ஒரு பெண்ணுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவைத்திருக்கிறார். கையைக் கிள்ளியது ஏன் என்று அப்போது புரியும். அந்தப் பெண்ணின் பேரன்தான் உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் என்று வையுங்கள். மகள் வயிற்றுப் பேரன் என்றால் இவளுக்கு முறை மாப்பிள்ளை. மகன் வயிற்றுப் பேரன் என்றால் அண்ணன். ஊருக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. அவனிடமே கேட்கலாம்தான், கேட்டால் பத்திரம் தன் கையில் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். இதைவிடவா துப்பாக்கி?

வெள்ளம் வேண்டுமென்றால் 2023 டிசம்பர் இருக்கிறது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ஒரு ரயில் அப்படியே நின்றுபோன வெள்ளம். உங்கள் வெள்ளத்தில் மின்னல் மட்டும்தான் நிறைய.

இளப்பமா என்று கேட்டீர்கள். அம்பையை அடித்துவிட்டுக் கும்பகோணம் என்றும், தாமிரபரணியை அடித்துவிட்டுக் காவேரி என்றும் போட்டால், உங்கள் நாவலில் வேறு ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. இளப்பம் யாருக்கு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தி எழுதி அனுப்புங்கள், முதல் ஆளாக நான் படிக்கிறேன். 200 பக்கம் போதும். பிணம் திருப்புடைமருதூரிலோ சேரன்மகாதேவியிலோ ஒதுங்கட்டும். திருப்பி அனுப்பத் தபால்தலையும் வையுங்கள். போன தடவை எங்கள் செலவு.