எஞ்சினை மாற்ற வேண்டாம், ஒளியை மாற்றிப் பாருங்கள்

நண்பரே, அன்ரியல் எஞ்சின் 5 என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஆறு மாதமாகச் செய்துவரும் உங்கள் கேம், மற்ற அன்ரியல் கேம்களைப் போலவே பளபளப்பாகத் தெரிகிறது, கார்ட்டூன் தோற்றத்துக்காக யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள். இதே பளபளப்பு அங்கேயும் வரும்.

கியர்ஸ் ஆஃப் வார் (2006), மிரர்ஸ் எட்ஜ் (2008), கில்டி கியர் எக்ஸ்ஆர்டி (2014) மூன்று கேம்களுமே அன்ரியல் எஞ்சின் 3-ல் செய்தவை, ஆனால் தோற்றத்தில் ஒன்றுபோல் ஒன்று இல்லை. முதலாவது பழுப்பும் சாம்பலுமாக இருக்கும். இரண்டாவதில் வெள்ளைக் கட்டடங்கள், நடுவே பளிச்சென்று சிவப்பு. மூன்றாவதைப் பார்த்தால் கையால் வரைந்த அனிமே என்றே நினைப்பீர்கள், ஆனால் பாத்திரங்கள் எல்லாம் முப்பரிமாண மாடல்கள்! ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி ஒளி வைத்தார்கள். முகத்தில் நிழல் எங்கே விழ வேண்டும் என்பதற்காக மாடலின் நார்மல்களை, அதாவது மேற்பரப்பின் ஒவ்வொரு இடமும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒளிக்குச் சொல்லும் திசைகளை, கையாலேயே திருத்தினார்கள். அசைவுகளையும் எஞ்சின் வழுக்கலாக நிரப்ப விடாமல், ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்குத் தாவ விட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

சரி, உங்கள் கேமிலிருந்து நீங்கள் போட்ட காட்சிப் படத்துக்கு வருவோம். மோஷன் பிளர் (அசைவில் வரும் மங்கல்), ஆட்டோ எக்ஸ்போஷர் (வெளிச்சத்தை எஞ்சின் தானே கூட்டிக் குறைப்பது), புளூம் (பிரகாசமான இடங்களைச் சுற்றிப் பரவும் ஒளி) மூன்றும் எஞ்சின் வைத்த டீஃபால்ட்டாகவே இருப்பதுபோல் தெரிகிறது. முதலில் அவற்றை அணையுங்கள். அப்புறம் மெட்டீரியல்களில் ரஃப்னஸை (மேற்பரப்பின் சொரசொரப்பை) கூட்டுங்கள், பளபளப்பில் பாதி அதிலேயே போய்விடும். நிஜப் பாறையை ஸ்கேன் செய்த மாடல்களுக்குப் பக்கத்தில் உங்கள் கார்ட்டூன் நாய்க்குட்டி ஒட்டாமல் நிற்கிறது. அந்தப் பாறைகளை எடுத்துவிட்டு, நாய்க்குட்டிக்குப் போட்ட அதே தட்டையான நிறங்களில் நீங்களே இரண்டு பாறை செய்து வையுங்கள். மாற்றிய பிறகு அதே காட்சியை மறுபடி போடுங்கள், பார்க்கிறேன்.