வாசகர் கேள்வி பதில்: பிரம்பு போன பிறகு

கேள்வி: நான் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பின் வகுப்பாசிரியை. என் வகுப்பில் ஒரு மாணவன் பாடத்தின் நடுவே பேசுவதும், பக்கத்தில் இருப்பவனின் நோட்டைப் பிடுங்குவதும், கண்டித்தால் எதிர்த்துப் பேசுவதுமாக இருக்கிறான். அவனுடைய தந்தையை வரவழைத்தபோது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடிக்க எனக்கு விருப்பமில்லை. சட்டமும் இடம் தராது. பிரம்பு போன பிறகு ஆசிரியரிடம் என்னதான் மிச்சம் இருக்கிறது?

பதில்: அந்தத் தந்தை பிள்ளையின் மீது வெறுப்பினால் அப்படிச் சொல்லவில்லை, அவர் படித்த காலத்தில் அக்கறை என்பது அந்தச் சொற்களில்தான் வெளிப்பட்டது. ஆனால் அந்த அனுமதியைத் தர அவருக்கும் உரிமை இல்லை. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டபோதே பள்ளியில் அடிப்பது தடை செய்யப்பட்டுவிட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடலைத் தண்டிப்பதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. நாம் கையைக் கட்டிக்கொண்டோமே தவிர, நாக்கைக் கட்டிக்கொண்டோமா என்று என்னையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

நான் ஆசிரியராகச் சேர்ந்த தொடக்கத்தில், வீட்டுப்பாடம் எழுதி வராத ஒரு மாணவியிடம், "உன் அண்ணன் எப்படிப் படித்தான், நீ ஏன் இப்படி இருக்கிறாய்?" என்று வகுப்பின் முன்னால் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, கண்டிப்பதாகக்கூட நினைக்கவில்லை. அன்று முதல் ஆண்டு இறுதி வரை அவள் என் பாடத்தில் கை தூக்கவே இல்லை.

உங்கள் மாணவன் எதிர்த்துப் பேசுவது பெரும்பாலும் உங்களுக்குச் சொல்லும் பதிலாக இருக்காது. வகுப்பே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனால் பணிந்து போக முடியாது. பணிந்தால் இடைவேளையில் நண்பர்களின் கேலிக்கு ஆளாவான் என்பது அவனுக்குத் தெரியும். ஆகவே, முதலில் பார்வையாளர்களை விலக்குங்கள். அவன் பேசும்போது பாடத்தை நிறுத்தாமல் நடந்து சென்று அவன் பெஞ்சின் அருகில் நின்று, அங்கிருந்தே பாடத்தைத் தொடருங்கள். தேவைப்பட்டால் மேசையில் விரலால் மெல்லத் தட்டி, அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் ஒரு வாக்கியம் சொல்லுங்கள். சொன்ன உடனே நகர்ந்துவிடுங்கள். நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே அவனுக்குச் சவாலாகிவிடும். மற்றதைப் பள்ளி விட்ட பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம்.

அந்தப் பேச்சை, "ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று தொடங்காதீர்கள், அதற்கு எந்தப் பிள்ளையிடமும் விடை இருப்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டான், கரும்பலகை எழுத்து தெரிகிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பவற்றைப் பொறுமையாகக் கேளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்தால் மதியச் சத்துணவு வரை காத்திருக்க வேண்டும். பசி எல்லாக் குறும்புக்கும் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால், கேட்காமல் தெரியாது.

அவன் செய்த தவற்றுக்கு விளைவே வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். அது தவற்றோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். நோட்டைக் கிழித்தவன் அந்தப் பக்கங்களைத் திரும்ப எழுதித் தரட்டும். ஆனால், "இனிமேல் பேச மாட்டேன்" என்று நூறு முறை இம்போசிஷன் எழுத வைத்தால், எழுதுவதே தண்டனை என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். அதேபோல, ஆசிரியர் இல்லாத வேளையில் வகுப்புத் தலைவன் 'பேசியவர்கள்' என்று கரும்பலகையில் பெயர் எழுதும் பழக்கம் உங்கள் வகுப்பில் இருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். தலைவனின் நண்பர்கள் பெயர் அதில் வராது என்பது பிள்ளைகள் அனைவருக்கும் தெரியும். அந்த அநீதியை நாமே நடத்தி வைக்கிறோம். பட்டியலில் தினமும் இடம்பெறும் மாணவனுக்கோ அதுவே அடையாளமாகிவிடுகிறது.

இவை ஒரு வாரத்தில் பலன் தருபவை அல்ல. இடையில் நீங்கள் கோபத்தில் கத்திவிட்டால், மறுநாள் அதே வகுப்பின் முன்னால், "நேற்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். அதனால் ஆசிரியரின் மதிப்புக் குறைந்ததை நான் கண்டதே இல்லை. அடுத்த முறை அந்தத் தந்தை வரும்போது, அவர் மகன் செய்த நல்ல காரியம் ஒன்றை முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

கேள்வி: வீட்டுப்பாடம் முடிக்காத என் மகளை ஓர் ஆசிரியர் பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே நிற்க வைக்கிறார். கேட்டால் அவளிடம் கோபத்தைக் காட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது; ஆனால் பாடத்தை இழப்பவள் உங்கள் மகள் என்பதால் பேசாமல் இருக்க முடியாது. வாயிலில் மற்ற பெற்றோர் முன்னிலையில் கேட்காமல், நேரம் கேட்டுக்கொண்டு தனியாகச் சந்தியுங்கள். "வெளியே நின்ற நாளின் பாடம் அவளுக்குப் புரியவில்லை, எப்படி ஈடு செய்யலாம்?" என்று தொடங்கினால் பெரும்பாலான ஆசிரியர்கள் செவிகொடுப்பார்கள். மாற்றமில்லை என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோரே என்பதால், அங்கும் இதை எடுத்துச் செல்லலாம். அதன் பிறகும் தொடர்ந்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணையோ, குழந்தைகளுக்கான 1098 என்ற எண்ணையோ அழைக்கத் தயங்க வேண்டாம்.