கவச வீரனும் ஏழு அம்புகளும்: டச்சுத் தங்கக் காசு பற்றி வாசகர் கேள்விகள்

தாத்தா பெட்டியில் ஒரு தங்கக் காசு கிடைத்தது. கவசம் அணிந்த வீரன், கையில் அம்புக் கட்டு. மதிப்பு மட்டும் பொறிக்கவில்லையே?

அது டச்சு டுகாட். அதில் மதிப்பு பொறிக்கும் வழக்கமே இல்லை. 1586 முதல் அடிக்கப்பட்ட இக்காசின் எடை ஏறத்தாழ 3.5 கிராம், அதாவது அரைப் பவுனுக்கும் குறைவு. ஆனால் 98 சதவீதத்துக்கு மேல் தங்கம். ஏழு அம்புகள், ஸ்பெயினை எதிர்த்து ஒன்றுசேர்ந்த ஏழு மாகாணங்கள். 'ஒற்றுமையால் சிறியவையும் வளரும்' என்று லத்தீனில் சுற்றி எழுதியிருக்கும். வணிகர் தங்கம் கொடுத்தால் அக்கசாலை காசாக அடித்துத் தரும். போலந்திலும் ரஷ்யாவிலும் அதை வாங்கியவர்கள் எடையையும் மாற்றையும்தான் பார்த்தார்கள். அவ்விரண்டையும் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியதே டச்சுக்காரர்களின் பெரிய சாதனை என்பேன்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் அதையும் பிரிக்க வேண்டாம்.

என் டுகாட் ரஷ்யாவில் அடித்ததாம். அப்படியென்றால் கள்ளக் காசா?

தங்கத்தில் கள்ளமில்லை. 1735 முதல் 1868 வரை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அக்கசாலையில் ரஷ்ய அரசே டச்சு டுகாட்டை ரகசியமாக அடித்தது. வெளிநாட்டில் போரிட்ட படைகளுக்குச் சம்பளம் கொடுக்க, எங்கும் செல்லுபடியாகும் காசு வேண்டியிருந்தது. ஆவணங்களில் பெயர் சொல்லாமல் 'தெரிந்த நாணயம்' என்றே குறித்தார்கள். டச்சு அரசின் எதிர்ப்பால்தான் அது நின்றது. இன்னொரு நாட்டின் அரசே திருட்டுத்தனமாக அடிக்கும் அளவுக்கு அந்தக் காசுக்கு மரியாதை இருந்தது! உங்களிடம் இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களிலும் இவை வந்தனவா?

வந்தன. பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) புறப்பட்ட 'அக்கரெண்டாம்' என்ற கப்பல் 1725-இல் நார்வேயின் ருண்டே தீவருகே மூழ்கியது. கப்பலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. 1972-இல் முக்குளிப்பவர்கள் கண்டெடுத்த சுமார் 57,000 காசுகளில் ஆயிரக்கணக்கான தங்க டுகாட்டுகளும் இருந்தன. அந்தக் காசுகளைப் பார்க்கும்போது அந்த மாலுமிகளின் நினைவும் எனக்கு வந்துவிடும்.

நம் கடற்கரையில் துணி வாங்கவும் டுகாட்தானா?

சோழமண்டலக் கரையில் வராகன்தான் புழங்கிய காசு. அதனால் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வராகனே அடித்தார்கள். வீட்டில் இருப்பதில் புனிதர் ஒருவரின் முன் ஒருவர் மண்டியிட்டிருந்தால் அது வெனிஸ் காசு, டச்சுக் காசல்ல.

இப்போதும் டுகாட் அடிக்கிறார்களா?

அடிக்கிறார்கள், நெதர்லாந்தில். அதே வீரன்தான்.