கட்டைக் குழல் ரிவால்வர்: வாங்குவோர் கேள்வி-பதில்

கருமருந்தில் (புகை கக்கும் பழங்கால வெடிமருந்தில்) சுடும் பழைய பாணி ரிவால்வர்களைப் பற்றி, அதிலும் குழல் கட்டையானவற்றைப் பற்றி, அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. சுருக்கித் தருகிறேன்.

ஆஸ்டின் வாசகர்: 1858 ரெமிங்டன் என்ற பழைய ரிவால்வரின் நகலில் எட்டு அங்குலக் குழலை விட்டுவிட்டு, மூன்று அங்குலம் இருக்கிறதா என்றே பலரும் கேட்கிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்?

அழகுதான். எட்டு அங்குலக் குழலோடு அது குதிரைப்படைக்காரன் இடுப்பில் தொங்க வேண்டிய சாமான். கையில் எடுத்தால் முன்பக்கம் இழுக்கும். குழலைக் குறைத்தால் எடை கைப்பிடிக்கு வந்துவிடும். பருத்த சிலிண்டரும் (குண்டு போடும் அறைகள் உள்ள சுழலும் உருளை) குட்டி மூக்குமாக, மொட்டை போட்ட குண்டுப் பையன் மாதிரி ஒரு களை. சுடும்போது இன்னும் வேடிக்கை. மருந்து முழுக்க எரிவதற்குள் குண்டு போய்விடுவதால், மிச்சம் குழல் வாயில் எரியும். நெருப்பும் வெள்ளைப் புகையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குண்டின் வேகம் குறையும், குறி பார்ப்பதும் கடினம். தெரிந்தே ஆசைப்பட்டு வாங்கினால் நான் தடுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று கேளுங்கள்: இதில் ஒவ்வொரு அறையிலும் மருந்தைக் கொட்டி, அதன் மேல் ஈயக் குண்டை நாமே இறுக்க வேண்டும். எதை வைத்து இறுக்குவது? நீளக் குழலின் அடியில் அதற்கென்றே ஒரு நெம்புகோல் இருக்கும். கட்டைக் குழலில் பெரும்பாலும் அது இருக்காது, இருந்தாலும் கைக்கு எட்டாத குட்டை. ரெமிங்டன் என்றால் சிலிண்டரைச் சட்டென்று கழற்றி, தனி அழுத்தியில் வைத்து நிரப்பலாம். கோல்ட் கம்பெனி வகையில் குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்து, குழலையே பிரித்தால்தான் சிலிண்டர் வெளியே வரும். அழுத்திக்குத் தனி விலை. விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். கட்டைக் குழலுக்கென்றே செய்தது என்று சொல்லி என் தலையில் கட்டிய தோல் உறை ஒன்று இருக்கிறது. எந்த ரிவால்வருக்கும் பொருந்தவில்லை, அதில் மூக்குக் கண்ணாடி வைத்திருக்கிறேன்.

எடிசன் (நியூ ஜெர்சி) வாசகர்: "பழம்பொருள் நகல்தான், எந்தத் தாளும் வேண்டாம், வீட்டுக்கே அனுப்புகிறேன்" என்கிறார் விற்பவர்.

1898 வரை செய்தவற்றையும், இப்படிக் கேப் (மருந்தைப் பற்றவைக்கும் குட்டி வெடிமூடி) வைத்துச் சுடும் நகல்களையும் மத்தியச் சட்டம் பழம்பொருள் என்று விட்டுவிடுகிறது. உங்கள் மாநிலம் விடுவதில்லை. அங்கே இதுவும் கைத்துப்பாக்கிதான், அனுமதிச் சீட்டு வேண்டும். மாட்டினால் நீங்கள்தான் மாட்டுவீர்கள், அவர் இல்லை.

சான் அன்டோனியோ வாசகர்: துப்பாக்கிச் சந்தையில் பழையது ஒன்றை 350 டாலர் ரொக்கம் கொடுத்து வாங்கினேன். கம்பெனியே கட்டைக் குழலோடு செய்த "ஷெரிஃப்" மாடல் என்றார்கள். வீட்டில் பார்த்தால் குழல் முனை கோணல், முன் குறி இல்லை. பித்தளை ஃபிரேமில் (உடல் சட்டத்தில்) சிலிண்டருக்குப் பின்னால் வட்டமாக ஒரு தழும்பு. ஏமாந்துவிட்டேனா?

ஆமாம், ஏமாற்றிவிட்டார்கள். உங்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன்; பொய் சொல்லி விற்றவன் மேல்தான் தப்பு. அது நீளக் குழலை யாரோ ரம்பம் போட்டு அறுத்தது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் குழலின் முனை விளிம்பு. அது ஒரு பக்கம் சரிந்திருந்தால் குண்டும் ஒரு பக்கம் போகும். அந்த வட்டத் தழும்பு அதைவிட மோசம். மருந்தை அள்ளிப் போட்டுச் சுட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் பின்னால் மோதி, அதன் பல் மிருதுவான பித்தளையில் பதிந்துவிட்டது. நல்ல துப்பாக்கிக் கம்மியர் பார்க்கும்வரை சுடவே வேண்டாம்.

பணத்துக்கு வருவோம். விற்றவர் பெயர், மேசையின் படம், "கம்பெனி மாடல்" என்று எழுதிய அட்டை, ஏதாவது கையில் இருக்கிறதா? இருந்தால் முதலில் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். டெக்சஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20,000 டாலர் வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே போடலாம். இந்த அறுவைக்காரர்கள் பலரும் ஒரு கடிதத்திலேயே இறங்கி வருவார்கள்.

கொலம்பஸ் வாசகர்: ஒரு விளம்பரம் பார்த்தேன்: "1851 நேவி, .44, பித்தளை ஃபிரேம், ஐந்தரை அங்குலம், உள்நாட்டுப் போர் அசல் வடிவம்." இது உண்மையா?

இதைக் கேட்பதற்குத்தான் காத்திருந்தேன். கோல்ட் கம்பெனியின் 1851 நேவி .36 அளவு (குழல் துளையின் அகலம், ஏறக்குறைய அங்குலக் கணக்கில்). குழல் ஏழரை அங்குலம், ஃபிரேம் இரும்பு. போரின்போது தெற்கு மாநிலங்களில் இரும்புக்குத் தட்டுப்பாடு. ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் பித்தளை ஃபிரேமில் செய்தார்கள். அதுவும் .36தான். .44 அளவில், பித்தளையில், கட்டைக் குழலோடு ஒரு "நேவி" எந்தப் போருக்கும் போகவில்லை. அது இத்தாலியில், பிரேசியா மாகாணத்துப் பட்டறைகளில் 20ஆம் நூற்றாண்டில் பிறந்தது.

அந்தப் பட்டறைகளைக் குறை சொல்லவில்லை. குஸ்ஸாகோவிலும் கார்டோனே வால் ட்ரோம்பியாவிலும் நல்ல வேலை செய்கிறார்கள். ஒவ்வொன்றும் சோதனைக் கூடத்தில் முத்திரை வாங்கித்தான் வெளியே வரும்; சின்னக் கட்டத்துக்குள் இரண்டு எழுத்து இருக்கும், அதுதான் சோதித்த ஆண்டு. அந்தக் கட்டம் இருக்கும் சாமானையே "தாத்தா போரில் வைத்திருந்தது" என்று விற்கிறார்கள், நம்மவர்களும் தலையாட்டிவிட்டுப் பணம் கொடுக்கிறார்கள்.

நிஜமாகவே இருந்த கட்டைக் குழல் வேண்டுமா? 1849 பாக்கெட் மாடலின் நகலைத் தேடுங்கள். .31 அளவு, பெரும்பாலும் ஐந்து அறை. கலிஃபோர்னியாவில் தங்கம் தேடி ஓடியவர்கள் காலத்துச் சாமான், 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதிலேயே நெம்புகோல் இல்லாத மூன்று அங்குல வகை உண்டு. சேகரிப்பவர்கள் வெல்ஸ் ஃபார்கோ என்பார்கள். கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் .36 அளவில் 1862 போலீஸ் மாடல். இரண்டும் கடையில் தூங்குகின்றன, இல்லாத "நேவி"யோ பறக்கிறது. என்ன சொல்ல!

டென்வர் வாசகர்: ஒரே ஒரு நாள் சுட்டு, பெட்டியில் வைத்தேன். அடுத்த மாதம் திறந்தால் உள்ளே முழுக்கத் துரு. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார்.

நானும் தர மாட்டேன். கருமருந்தில் பாதிக்கு மேல் எரிந்த பிறகு கசடாகத் தங்கும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சுட்ட அன்றைக்கே வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் விட வேண்டும். பெட்டியோடு வந்த தாளில் இது இருக்கும். தாளைப் பிரித்தீர்களா?

சார்லட் வாசகர்: கருமருந்து தீர்ந்துவிட்டது. புகையில்லாத நவீன மருந்தைக் கொஞ்சமாகப் போடலாம் என்கிறார் நண்பர்.

நண்பரை மாற்றுங்கள். சிலிண்டர் கையிலேயே வெடிக்கும்.

சிகாகோ வாசகர்: வீட்டுப் பாதுகாப்புக்கு ஒன்று வாங்கலாமா?

வேண்டாம். நல்ல பூட்டு வாங்குங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: மதுரையில் இருக்கும் அப்பாவுக்கு, அலமாரியில் அழகுக்கு வைக்க ஒன்று கொண்டுபோகலாமா? மருந்தெல்லாம் இல்லை, வெறும் ரிவால்வர்தான்.

கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியோடு இறங்கிவிட்டு, "வெறும் நகல் சார்" என்று சுங்க அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அப்பாவுக்கு ஒரு நல்ல படம் எடுத்துக் கண்ணாடி போட்டு அனுப்புங்கள்.