மேடை ஓரத்துப் புகைப்படக்காரரிடம் கேளுங்கள்

பின்னணிப் பாடகர் ஒருவரின் குழுவோடு ஒன்பது ஆண்டுகளாக ஊர் ஊராகச் செல்லும் சென்னைப் புகைப்படக் கலைஞர் வாசகர்களுக்கு அளித்த பதில்கள்.

பெரம்பூர் வாசகர்: எந்தக் கேமரா வாங்கலாம், ஐயா?

கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள். அடுத்தது வாங்கும்போது, இரண்டு மெமரி கார்டுகளில் ஒரே நேரத்தில் பதியக்கூடியதாகப் பாருங்கள்.

வேளச்சேரி வாசகி: கச்சேரி நாள் எப்படி இருக்கும்?

பிற்பகல் சவுண்ட் செக்கின்போதே அரங்குக்குள் போய்விடுவேன். எந்தப் பாட்டில் விளக்கு எந்த நிறத்துக்கு மாறும் என்று விளக்கு இயக்குபவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வேன். சிவப்பு விளக்கில் முகம் வெறும் சிவப்புத் திட்டாகிவிடும் என்பதால் அந்த இடத்தில் வெளிச்சத்தைக் குறைத்தே எடுக்க வேண்டும். பல அரங்குகளில் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு முதல் மூன்று பாட்டுகளோடு அனுமதி முடிந்துவிடும். குழுவோடு வந்தவன் என்பதால் எனக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் பாடகரின் கண்ணில் படாமல் கறுப்புச் சட்டையோடு நிற்பதுதான் அதற்கான விலை. எங்கள் பாடகர் மேடையேறுமுன் செருப்பைக் கழற்றி, இடது காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு நொடி கண்ணை மூடி நிற்பார். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான், இன்றுவரை வெளியிட்டதில்லை.

மடிப்பாக்கம் வாசகர்: படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுகின்றன.

சத்தமே வராத சைலன்ட் ஷட்டரில் எடுத்திருப்பீர்கள். அதில் கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. அதற்குள் எல்இடி விளக்கு பலமுறை அணைந்து எரிந்துவிடுகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிப் பாருங்கள். மார்கழிச் சபா ஒன்றில் ஆலாபனையின் நடுவே அந்த ஷட்டரைச் சடசடவென்று தட்டினால் முன்வரிசை மாமாக்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மிருதங்கம் முழங்கும் தனி ஆவர்த்தனம் வரை பொறுத்திருங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: நான் எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம்?

ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால் இல்லை. மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17-இன்படி, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அண்ணா நகர் வாசகர்: தவறு. எடுத்தவரே ஆக்கியவர் என்று அதே சட்டம் சொல்கிறது.

சொல்கிறது, ஆனால் ஆக்கியவர் வேறு, உரிமையாளர் வேறு. உரிமை கைமாறினாலும் 'இது நான் எடுத்தது' என்று சொல்லும் உரிமை பிரிவு 57-இன்படி உங்களிடமே இருக்கும். ஒரு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் என் படத்தைப் பெயரில்லாமல் தெருவெங்கும் பேனராகக் கட்டினார். பேசியது எல்லாம் வாய்மொழி என்பதால் வாயை மூடிக்கொண்டேன். எழுத்தில் வாங்குங்கள் என்பது அதனால்தான்.

அண்ணா நகர் வாசகர்: பணமே வாங்காமல், பாஸ் மட்டும் கொடுத்து எடுக்கச் சொன்னால்?

நல்ல கேள்வி. எதுவுமே வாங்காமல் எடுத்தால் உரிமை உங்களுடையது. பாஸும் ஊதியக் கணக்கில் சேருமா என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதைவிட, பாஸை வாங்கும்போதே இரண்டு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

ஆவடி வாசகர்: புதிதாகத் தொடங்க எந்தக் கேமரா நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

தாம்பரம் வாசகி: விமானத்தில் உதிரி பேட்டரிகளை எதில் வைப்பது?

கைப்பையில் மட்டும்.

குரோம்பேட்டை வாசகர்: அண்ணா, கேமரா வாங்க ஒரு யோசனை...

வேண்டாம், தம்பி.

வேளச்சேரி வாசகி: அந்தச் செருப்புப் படத்தை எங்களுக்காவது காட்டுவீர்களா?

மாட்டேன். அவருடைய சம்மதத்தை நான் இன்னும் எழுத்தில் வாங்கவில்லை.