நாட்டுக்கோழிக் குஞ்சில் சேவல் எது, பெட்டை எது?

முட்டைக்காக ஒரு மாதக் குஞ்சுகள் பத்து வாங்கியிருப்பதாகவும், இறக்கையை விரித்துப் பார்த்தால் சேவலா பெட்டையா என்று தெரிந்துவிடும் என ஒரு வீடியோவில் சொன்னது உங்களுக்குப் பிடிபடவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பிடிபடாததற்கு நீங்கள் காரணமில்லை. வீடியோவில் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அது உங்கள் குஞ்சுகளுக்குப் பொருந்தாது.

இறகு மெதுவாக முளைப்பதற்கான மரபணு, ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. தாய்க்கோழியின் அந்த ஒற்றை இசட் ஆண் குஞ்சுக்கு மட்டும்தான் போகும். அதனால் மெதுவாக இறகு முளைக்கும் தாயையும் வேகமாக முளைக்கும் சேவலையும் பார்த்துச் சேர்த்தால், ஆண் குஞ்சுக்கெல்லாம் இறகு மெதுவாக வரும், பெண் குஞ்சுக்கெல்லாம் வேகமாக வரும். பொரித்த ஓரிரு நாளில் இறக்கையைப் பார்த்துப் பிரித்துவிடலாம். பெரிய பண்ணைகள் இதற்கென்றே தாய், தகப்பன் இரண்டையும் தேர்ந்து வைத்திருக்கின்றன. தெருவில் மேய்ந்து, கிடைத்த சேவலோடு சேர்ந்த கோழியின் குஞ்சில் இந்தக் கணக்கு நிற்காது. அதுவும் ஒரு மாதம் ஆன பிறகு இறக்கையைப் பார்த்துப் பயனே இல்லை.

ஒரு நாள் குஞ்சின் ஆசனவாயை அழுத்திப் பார்க்கும் முறையும் உண்டு, 1920களில் ஜப்பானில் உருவானது. அது பழகிய கைக்கே வரும் வித்தை. பழகாத கை அழுத்தினால் குஞ்சு செத்தும் போகலாம். தயவுசெய்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். கூர் முட்டை என்றால் சேவல், உருண்டை என்றால் பெட்டை என்பதையும் நம்ப வேண்டாம்.

சரி, எதைப் பார்ப்பது? முதலில் கொண்டை. ஆறு வாரம் வாக்கில் சேவலுக்குக் கொண்டை எழும்பிச் சிவக்கும், தாடியும் தெரிய ஆரம்பிக்கும். பெட்டைக்கு அதே வயதில் வெளிறிய மஞ்சளாகச் சின்னதாகவே இருக்கும். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்; வயது கலந்துவிட்டால் கண் ஏமாறும். அசில் வகையில் கொண்டையே சின்னது, கருங்கோழியில் கொண்டை கறுப்பு. அவற்றில் இந்த அடையாளத்தை வைத்து முடிவு செய்வது கடினம். கால் தடிமன், நிமிர்ந்த நடை, சண்டை எல்லாம் துணை அடையாளங்கள்தான். சண்டை போடும் பெட்டைகளையும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் நம்புவது முதுகு இறகை. பத்து, பன்னிரண்டு வாரத்தில் மாலை வெளிச்சம் இருக்கும்போதே குஞ்சைப் பிடித்து மடியில் வையுங்கள். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், இடுப்புப் பக்கம், மேல் இறகை விரலால் ஒதுக்குங்கள். பழைய இறகுகளுக்கு நடுவே புதிதாக முளைப்பவை ஒல்லியாக, நுனி கூராக, எண்ணெய் தடவியது போல மினுங்கினால் சேவல். அகலமாக, நுனி வட்டமாக, மற்ற இறகைப் போலவே இருந்தால் பெட்டை. கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் வரும், ஆனால் இடுப்பில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இதை எனக்குக் காட்டியது அப்பத்தா. ஒருமுறை மூன்று வாரக் குஞ்சுகளில் துருதுருவென்று இருந்த ஒன்றைச் சேவல் என்று நினைத்துக் கருப்பசாமிக்கு நேர்ந்து, காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். நாலாம் மாதம் பார்த்தால் முதுகில் ஒரு கூர் இறகு இல்லை. மஞ்சள் கயிற்றோடு பஞ்சாரத்துக்குள் உட்கார்ந்து அது முதல் முட்டை இட்ட அன்று, சாமிக்குச் சொன்ன சொல் தப்பிவிட்டதே என்று அப்பத்தா கலங்கிப்போனார். வேறு சேவல் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நிம்மதியானார். அதற்கப்புறம் முதுகைப் பார்க்காமல் எந்தக் குஞ்சுக்கும் அவர் கயிறு கட்டியதில்லை.

நீங்களும் சந்தேகமான குஞ்சுகளுக்கு மட்டும் காலில் நூல் கட்டி வையுங்கள். வாரம் ஒருமுறை தளர்த்திக் கட்ட வேண்டும், இல்லையென்றால் கால் வளர வளர நூல் சதைக்குள் இறங்கிவிடும்.

பத்தில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கலாம் என்று இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. அடை வைக்கவும் எண்ணம் இருந்தால், இருக்கிற பெட்டைகளுக்கு நல்ல சேவலாக ஒன்று போதும். அடுத்த முறை முட்டைக்கென்றே வாங்குவதானால், விலை கூடினாலும் மூன்று மாதம் தாண்டிய விடைக்கோழியாக (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை), முதுகு இறகை நீங்களே ஒதுக்கிப் பார்த்து வாங்குங்கள்.