எட்டுத் தாள், மூன்று வாரம்

கேள்வி: என் ஊர் தங்கச்சிமடம். இராமநாதபுரத்தில் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். ஏப்ரல் 16 முதல் மே 6 வரை செமஸ்டர் தேர்வு. இந்த செமஸ்டரின் ஆறு தாள்களோடு நுண்கணிதம், ஆங்கிலம் என்று இரண்டு அரியரும் சேர்ந்து எட்டுத் தாள். எல்லாவற்றுக்கும் கட்டணம் கட்டிவிட்டேன். தினமும் ஐந்து மணி நேரம் படிக்கிறேன், ஆனால் தேர்வு அறையில் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் அப்பாவுக்குத் தொழில் இல்லை. எங்கள் தெரு அண்ணன் ஒருவர், கேரளாவில் மீன்பிடித் துறைமுகத்தில் வேலை இருக்கிறது, உடனே கிளம்பி வா என்கிறார். இந்தத் தேர்வை விட்டுவிட்டு நவம்பரில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாமா? அரியர் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள தம்பிக்கு,

விடக் கூடாது. இந்த இதழ் அச்சாகி உன் கைக்கு வரும்போது தேர்வுக்கு மூன்று வாரம்தான் மிச்சமிருக்கும். அதனால்தான் முன்னுரை இல்லாமல் சொல்கிறேன்.

நீ கணிதம் படிப்பவன், கணக்கைப் போட்டுப் பார். நவம்பரில் இந்த எட்டுத் தாளும் அப்படியே இருக்கும். ஐந்தாம் செமஸ்டரின் புதிய தாள்கள் அவற்றின் மேல் வந்து உட்காரும். பதின்மூன்றோ பதினான்கோ ஆகிவிடும். எட்டுக்கே மூச்சு வாங்குகிறவனுக்கு அது எப்படி எளிதாகும்? முப்பது ஆண்டுகள் கல்லூரியில் கணிதம் நடத்தியிருக்கிறேன். 'அடுத்த தடவை மொத்தமாக எழுதிவிடுகிறேன் மேடம்' என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளைகளில் சொன்னபடி வந்து எழுதியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

கேரள வேலையை நான் குறை சொல்லவில்லை. நம் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். கேரளத்திலோ ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை. அங்கே கடல் திறந்திருக்கும் நாட்களில் நம் ஆட்கள் பை தூக்கிக்கொண்டு போவது புதிதில்லை. உன் தேர்வு மே 6-ல் முடிகிறது. 7-ஆம் தேதி பஸ் ஏறினாலும் ஒரு மாதத்துக்குக் குறையாத வேலை உனக்காகக் காத்திருக்கும். அண்ணனிடம் இதை அப்படியே சொல். முன்பணம் மட்டும் இப்போது வாங்கிவிடாதே. வாங்கினால் கிளம்பும் நாளை நீ குறிக்க முடியாது. இன்னொன்று: அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேள். கல்லூரியை விட்டு நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இனி, படித்தது நினைவில் நிற்பதில்லை என்ற உன் குறை. உன் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான். ஐந்து மணி நேரம் என்பது குறைவான உழைப்பு இல்லை. அந்த ஐந்து மணி நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்று எழுதவில்லையே! நானே ஊகிக்கிறேன். நோட்டைத் திறந்து வைத்துப் படிக்கிறாய், அடிக்கோடு போடுகிறாய், மறுபடி படிக்கிறாய்.

என்னிடம் ஒரு மாணவி இருந்தாள். அவள் நோட்டு கோலம் போல இருக்கும். நான்கு நிற மை. ரோல் தேற்றத்துக்குப் பச்சைக் கட்டம், அதைச் சுற்றி நட்சத்திரங்கள். ஒருநாள் அதை மூடச் சொல்லிவிட்டு, "தேற்றத்தைச் சொல்லம்மா" என்றேன். இரு முனைகளிலும் சார்பின் மதிப்பு சமம் என்றாள். சரி, அப்புறம்? திறந்த இடைவெளியில் வகையிடத்தக்கது என்றாள். அப்புறம்? பச்சைக் கட்டம் கண்ணுக்குத் தெரிகிறது என்றாள், உள்ளே என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை. மூடிய இடைவெளியில் தொடர்ச்சி என்ற நிபந்தனை விட்டுப்போயிற்று. அது இல்லாவிட்டால் தேற்றமே நிற்காது. அவள் சோம்பேறி இல்லை. அந்தப் பக்கத்தை இருபது முறையாவது பார்த்திருப்பாள். பார்க்காமல் ஒரு முறைகூட எழுதிப் பார்த்ததில்லை.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கொடுத்த பகுதிகளில் ஒன்று கடல் நீர்நாயைப் பற்றியது. சிலர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் படித்துவிட்டு, பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் வெகுதூரம் முன்னே போய்விட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு நோட்டை மூடும்போது உனக்குள் எழுகிற 'எல்லாம் தெரிந்துவிட்டது' என்ற நினைப்பும் அந்த ரகம்தான்.

உன் ஊரில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பாய். வலையை வளைத்துப் போட்டுவிட்டு வருவது ஒரு வேலை. இரண்டு பக்கமும் ஆள் நின்று கயிறு பிடித்து, மீன் சேரும் மடியைக் கரை சேர்ப்பது அதைவிடப் பெரிய வேலை. நீ நாள் முழுக்க வலையைப் போட்டுக்கொண்டே இருக்கிறாய்.

ஆகவே நாளை முதல் ஐந்து மணி நேரத்தில் மூன்று மணி நேரம் வெள்ளைத் தாளோடு உட்கார். தீர்த்து வைத்த ஒரு கணக்கைப் படி, நோட்டை மூடு, முதல் வரியிலிருந்து நீயே போடு. எந்த இடத்தில் கை நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடு. மறுநாள் காலை அதே கணக்கை இன்னொரு தடவை போடு. முதல் இரண்டு நாள் தலையில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். தோன்றட்டும். தேர்வு அறையில் தெரியவேண்டியது இப்போதே தெரிகிறது, அவ்வளவுதான்.

அடுத்து, பழைய வினாத்தாளை எடுத்து அதன் அமைப்பைப் பார். கலைக் கல்லூரிகளில் பரவலாக உள்ள வடிவத்தை வைத்துச் சொல்கிறேன், உங்களுடையது வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள். எழுத்துத் தேர்வுக்கு 75. இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்து, அலகுக்கு இரண்டு. ஐந்து மதிப்பெண் கேள்விகள் ஐந்து, அலகுக்கு ஒன்று, 'இது அல்லது அது' என்று. பத்து மதிப்பெண்ணில் அலகுக்கு ஒன்றாக ஐந்து கொடுத்து, மூன்றுக்கு விடை கேட்பார்கள். இப்போது மூன்று அலகுகளை மட்டும் ஐயமில்லாமல் தெரிந்து வைத்திருப்பவனுக்கு 12, 15, 30 என்று 57 மதிப்பெண்ணுக்கு எழுத வழி இருக்கிறது. ஐந்து அலகுகளையும் மேலோட்டமாகப் புரட்டியவன் இரண்டு மதிப்பெண் கேள்விகளில் இருபது வாங்கிவிட்டு, பத்து மதிப்பெண் கேள்வியின் நடுவில் பேனாவைக் கடித்துக்கொண்டு இருப்பான். பாடத்தை முழுதாகப் படி என்று வகுப்பில் முழங்கியவள்தான் நான், ஜூலையில் கேட்டிருந்தால் இப்போதும் அதையேதான் சொல்வேன். நுண்கணித அரியருக்கு இந்த மூன்று அலகு வழிதான். கணக்கு முடியாவிட்டாலும் போட்ட வரை எழுதி வை, அடித்துவிட்டு வராதே. படிக்குப் படி மதிப்பெண் உண்டு. எத்தனையோ தாள்களில் சரியான நான்கு வரிகளைக் குறுக்குக் கோடு போட்டு அழித்திருப்பதைத் திருத்தும்போது பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

ஜெராக்ஸ் கடையில் விற்கும் கைடைப் பற்றிக் கேட்பாய் என்று தெரியும். கேள்விகளை எடுத்துக்கொள். விடைகளை நம்பாதே, அச்சுப் பிழை மலிந்தவை.

துறையில் யாரையாவது போய்ப் பார்த்தாயா? இந்த வாரமே போ. "முக்கியமான கேள்வி சொல்லுங்கள்" என்று போய் நின்றால் எந்த ஆசிரியருக்கும் சலிப்புத்தான் வரும். பாதியில் நின்ற கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "இந்த வரிக்கு அப்புறம் போகவில்லை" என்று காட்டு. பத்து நிமிடத்தில் வேலை முடியும். அப்படியே அகமதிப்பீட்டு மதிப்பெண் 25-க்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள். கொடுக்காத அசைன்மென்ட் ஏதாவது இருந்தால் மதிப்பெண் பட்டியல் மேலே போவதற்குள் கொடுத்துவிடு. வருகைப் பதிவில் குறை இருந்தால் அதையும் இப்போதே கேள். நுழைவுச்சீட்டு வாங்கப் போகும் நாளில் தெரிந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

நீ தமிழ் வழியில் வந்தவன். ஆங்கில வழிப் பாடமானாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத மாணவர்களை அனுமதிக்கும்படி 2023 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகத்தில் இதற்கு இடம் உண்டா என்று துறைத்தலைவரிடம் கேள். உண்டு என்றால் தேற்றங்களின் கூற்றைத் தமிழில் எழுதுவது உனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும். ஆங்கிலத் தாளுக்கு அந்த வழி கிடையாது. பாடத்தின் கதையைத் தமிழில் யாரிடமாவது சொல்லிப் பார்த்துவிட்டு, ஆறேழு சொற்களில் முடியும் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதிப் பழகு. மனப்பாடக் கட்டுரை ஒரு சொல் மறந்தால் மொத்தமாகக் கவிழ்ந்துவிடும். சின்ன வாக்கியம் கவிழாது.

இராமநாதபுரம் போக வர பஸ்ஸில் நாளுக்கு இரண்டரை மணி நேரமாவது போகும் உனக்கு. அதில் புத்தகம் விரிக்காதே, தலைதான் வலிக்கும். பாம்பன் பாலம் ஏறியதும் வண்டியில் பாதிப் பேர் புதிய ரயில் பாலத்தைப் பார்க்கக் கழுத்தை வளைப்பார்கள். அந்தச் சில நிமிடங்களுக்கு ஒரு தேற்றம் என்று வைத்துக்கொள். மண்டபம் வருவதற்குள் நிபந்தனைகளை மனத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். (கலாம் பிறந்த தீவில் பிறந்துவிட்டு அரியரா என்று யாராவது கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடு. அந்தப் பெயரை வைத்துப் பிள்ளைகளை மிரட்டுவது எனக்குப் பிடிக்காது.) தேர்வு நாளில் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ்ஸைப் பிடி. முந்தின இரவு தூங்கிவிடு. விடிய விடிய விழித்துப் படித்தவன் எதிர்மறைக் குறியை விட்டுவிடுவான், அதை நான் எழுதியே தருகிறேன்.

வீட்டில் சொல்லாததைப் பற்றி. அப்பாவிடம் சொல்லிவிடு தம்பி. டீசல் காசுகூடத் திரும்பாத நாட்களில் வெறும் பெட்டியோடு கரையேறி, அடுத்த நாள் தொழிலுக்குப் போனவர் அவர். மீன்பாடு இல்லை என்பதை அவரிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. சொல்லப் போகும்போது தேர்வு அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு போ. திட்டுவார். திட்டி முடித்ததும் நுண்கணிதம் என்றைக்கு என்று கேட்பார். தேதியைத் தடுமாறாமல் சொல்.